இரண்டு நிமிடம் நின்ற சிறுத்தை, ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை

காட்டுப்பாதை:
மூன்று சஃபாரியில் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். நான்காவதில், போன வாரம் இருட்டப் போகும் நேரத்தில், மரக்கிளையில் ஒரு சிறுத்தை. இரண்டு நிமிடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. 400 மிமீ லென்ஸ், ஷட்டர் வேகம் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800. எடுத்த படம் எல்லாமே மங்கல், சிலவற்றில் முன்னால் இருந்த இலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் உயிரியல் பூங்காவில் பழகிப் பார்க்கலாமா? அங்கே எடுப்பது ஏமாற்று வேலை என்கிறார் நண்பர்.

மரநிழல்:
1/60-தான் காரணம். 400 மிமீ லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் குறைந்தது 1/400 வேண்டும். லென்ஸில் அதிர்வுக் குறைப்பு இருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான் உதவும், சிறுத்தை தலையைத் திருப்பினால் உதவாது. ஐஎஸ்ஓவை 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள், அதனால் படத்தில் வரும் புள்ளிபுள்ளியான இரைச்சலைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். அப்புறம், வண்டி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

வரிப்பூனை:
பூங்காவில் தாராளமாகப் பழகுங்கள். கம்பிவலை இருந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, சிறுத்தை வலையிலிருந்து தள்ளிப் போகும்வரை காத்திருந்தால் படத்தில் கம்பி தெரியாமல் கரைந்துவிடும். வெயில் படும் கம்பி மட்டும் கரையாது, நிழலில் இருக்கும் பக்கமாகப் போய் நில்லுங்கள். கண்ணாடித் தடுப்பு என்றால், பிரதிபலிப்பு விழாமலிருக்கக் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். சிறுத்தை ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தால் அது அடைபட்டதன் மன அழுத்தமாக இருக்கலாம், எனக்கு அப்போது கேமராவைத் தூக்க மனம் வராது. பூங்காவில் எடுத்தது என்று படத்தின் கீழே எழுதிவிட்டால் அதில் என்ன ஏமாற்று? மறைப்பதுதான் தவறு. 2009-ல் உலகின் பெரிய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தை, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று முடிவு செய்து 2010-ல் தகுதி நீக்கம் செய்தார்களே.

மந்திக்குரல்:
கேமராவைவிடக் காதை நம்புங்கள். மந்தி மரத்தின் மேலிருந்து ஒரே பக்கம் பார்த்துக் கத்தினால், புள்ளிமான் கூட்டம் அசையாமல் ஒரு திசையையே பார்த்து நின்றால், அங்கேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். இடத்துக்கு இடம் பழக்கமும் மாறும். ஆப்பிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் பறித்துவிடும் என்பதால் சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றி வைக்கும், அதனால் கிளைகளைப் பார்க்க வேண்டும். இலங்கையின் யாலா தேசியப் பூங்காவில் அதற்குப் போட்டியாகச் சிங்கம், புலி போன்ற பெரிய பூனையினம் எதுவும் இல்லை, பகலிலேயே பாதையில் நடக்கும். காதை மடக்கி வாலை அடித்தால் படம் போதும், பின்வாங்குங்கள். நடந்து போகும்போது எதிரே வந்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நகருங்கள். குட்டிகள் தெரிந்தால் உடனே விலகிவிடுங்கள்.

காட்டுப்பாதை:
நன்றி. அன்று கிளைக்குக் கீழே மந்தி கத்திக்கொண்டே இருந்தது, நான் லென்ஸ் மாற்றுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறேன், படங்களை இங்கே போடுகிறேன்.