மரவள்ளி மாவு நுரைத்தட்டில் கல்தூள் கலக்கலாமா?

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி)

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுகளுக்குத் தடை இருப்பதால், எங்கள் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கின் (மரவள்ளிக்கிழங்கின்) ஸ்டார்ச்சைக் கொண்டு மக்கும் தட்டுகள் செய்து பார்க்கிறேன். மாவைத் தண்ணீரில் கரைத்து, ஏறத்தாழ 200 டிகிரியில் சூடேறிய இரும்பு அச்சில் ஊற்றி மூடினால், இரண்டு மூன்று நிமிடத்தில் நுரைத்து வெந்துவிடுகிறது. தட்டு உறுதியாக இருக்கட்டும் என்று, கிரானைட் அறுக்கும் பட்டறையில் கிடைத்த தூளை மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தேன். தட்டு கனத்தது, விரலால் அழுத்தினால் அப்பளம் போல் நொறுங்குகிறது, அச்சிலும் கீறல் விழுந்துவிட்டது. தவறு எங்கே?

பதில் 1 (கிருஷ்ணகிரி)

தவறு தூளின் அளவிலும் இருக்கிறது, பருமனிலும் இருக்கிறது. அச்சுக்குள் தண்ணீர் ஆவியாகி மாவை ஊதும்போது, 60–70 டிகிரியைத் தாண்டியதும் கஞ்சியாகிவிட்ட ஸ்டார்ச்தான் அந்த ஆவியைச் சுற்றி மெல்லிய சுவராக நின்று, ஈரம் வற்ற வற்ற இறுகுகிறது. அந்தச் சுவரைவிடப் பருத்த கல்துகள் அதைக் குத்திக் கிழிப்பதால் ஆவி வெளியேறிவிடுகிறது, நுரை எழுவதில்லை. மிக நுண்ணிய தூளோ குமிழிகள் தொடங்கும் இடமாக அமைந்து, சிறிய, ஒரே சீரான குமிழிகளைத் தருகிறது. ஆகவே நுண்ணிய டால்க் (மிக மென்மையான ஒரு கனிமம்) அல்லது சுண்ணாம்புக்கல் தூளை, மாவின் எடையில் நூற்றுக்கு ஐந்து என்று தொடங்குங்கள். இழுத்தால் கிழியாத வலிமையைத் தூள் தராது. அதற்குப் பொடித்த கரும்புச் சக்கை போன்ற நார் வேண்டும்.

இன்னொன்று: கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.7, ஸ்டார்ச்சின் அடர்த்தி 1.5. வெறும் கரைசலில் கல் முதலில் அடியில் தங்கிவிடும். மாவில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தால், எல்லாம் மிதந்தபடியே நிற்கும்.

பதில் 2 (தருமபுரி)

கிரானைட் தூளை அடியோடு விட்டுவிடுங்கள். அதிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம்தான் உங்கள் அச்சைக் கீறியது. அதன் நுண்தூசியை நாள்தோறும் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வரக்கூடும். சுண்ணாம்புக்கல் தூளை உலர்வாகக் கையாளும்போதும் முகக்கவசம் அணியுங்கள். சுண்ணாம்புக்கல் மக்காது என்றாலும், தட்டு மக்கிய பின் மண்ணுக்குக் கெடுதல் செய்யாது. ஒரே எச்சரிக்கை, புளித்த மாவில் அதைச் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் கரியமில வாயு வெளியாகி, அச்சுக்குப் போகும் முன்பே கரைசல் பொங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காய்ச்சிய கஞ்சியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்துச் சுட்டேன். உடைத்துப் பார்த்தால், முன்பு மிளகளவு இருந்த ஓட்டைகள் இப்போது கடுகைவிடச் சிறியவை. ஆனால் சுட்டவுடன் எடுத்தால் இன்னும் நொறுங்குகிறது. ஓர் இரவு திறந்து வைத்தால் வளைந்து கொடுக்கிறது.

பதில் 1 (கிருஷ்ணகிரி)

அச்சிலிருந்து வரும்போது தட்டு ஈரமே இல்லாமல் காய்ந்திருக்கும். காற்றின் ஈரம் சிறிது ஏறினால்தான் ஸ்டார்ச் நெகிழும். அந்த ஓர் இரவைச் செய்முறையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரம் மிஞ்சித் தட்டு தொய்வதைக் கல்தூளால் தடுக்க முடியாது; அதற்கு மேற்பூச்சுதான் வழி, தேன்மெழுகில் தொடங்கிப் பாருங்கள்.