யாழ். மாவட்டம்: இன்னும் முடிவெடுக்கவில்லை, வேட்பாளரிடம் எதைக் கேட்பது?

நவக்கிரி வாக்காளர் | 2024 ஒக்டோபர் 27

வரும் ஞாயிறு எங்கள் ஊர் சனசமூக நிலையத்திற்கு மூன்று பட்டியல்களின் வேட்பாளர்களை அழைத்திருக்கிறோம். ஒரு பட்டியலுக்கு 40 நிமிடம். நவம்பர் 14 யாருக்குப் புள்ளடி போடுவது என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஊரில் பாதிப் பேரின் நிலையும் இதுதான்.

கேள்விகள் எழுதித் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இப்போதைக்கு எழுதி வைத்திருப்பவை:

1. எங்கள் உள்வீதியை எப்போது போடுவீர்கள்?
2. இளைஞர்களுக்கு வேலை?
3. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவீர்களா?
4. அரசியல் தீர்வு பற்றி உங்கள் நிலைப்பாடு?
5. காணி விடுவிப்புக்கு என்ன செய்வீர்கள்?

இவற்றை வாசித்துப் பார்த்தால், மூன்று பேரும் ஐந்துக்கும் "செய்வோம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம் போல இருக்கிறது. பிறகு எதை வைத்து ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிவது? கேள்விகளை எப்படித் திருத்தலாம் என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கச்சேரியடி | ஒக்டோபர் 27

முதலாவது கேள்வியை எடுத்துவிடுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துடையவை. உள்வீதியும் ஒழுங்கையும் பிரதேச சபையுடையவை. பாராளுமன்ற உறுப்பினர் தனக்கென ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கொஞ்சம் ஒதுக்கலாம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கதைக்கலாம், அவ்வளவுதான். வீதி போட்டுத்தருகிறேன் என்று வாக்குக் கேட்பவர் தன்னிடம் இல்லாத வேலையை விற்கிறார்.

உங்கள் வீதி கிடப்பில் கிடப்பதற்கான காரணத்தைக் கேளுங்கள், அது நல்ல கேள்வி. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டும். திறைசேரியில் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் இந்த ஓகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆறு வருடமாக ஆளுநர்தான். பிரதேச சபையும் இல்லை, மாகாண சபையும் இல்லை. உங்கள் ஒழுங்கைக்குப் பொறுப்பான தெரிவுசெய்யப்பட்ட ஆள் ஒருவர்கூட இன்று, 2024 ஒக்டோபரில், இல்லை.

ஆகவே நாலாவது கேள்வியை இங்கே கொண்டுவந்து இணைக்கலாம். "தீர்வு பற்றி நிலைப்பாடு என்ன" என்று கேட்டால் சமஷ்டி, பதின்மூன்றாவது திருத்தம், புதிய யாப்பு என்று 20 நிமிடம் போய்விடும். இப்படிக் கேளுங்கள்:

"மாகாண சபைத் தேர்தல் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் முடங்கியிருக்கிறது. அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் 139க்கு 0 என்று தோற்கடித்தது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தமும் சாதாரண பெரும்பான்மையும் போதும். அந்தத் திருத்தத்தை முதல் ஆறு மாதத்திற்குள் நீங்கள் கொண்டுவருவீர்களா? வேறொருவர் கொண்டுவந்தால் ஆதரித்து வாக்களிப்பீர்களா?"

ஆம் அல்லது இல்லை. 2025 மே மாதம் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டைத் திறந்தால் விடை தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "தனிநபர் சட்டமூலம் கொண்டுவருவேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் தப்பலாம். தனிநபர் சட்டமூலம் வர்த்தமானியில் வந்து, சட்டமா அதிபரின் கருத்துக்கும் அமைச்சின் அறிக்கைக்கும் காத்துக் கிடக்கும். இதே விடயத்தில் முன்பும் அப்படிக் கிடந்தது. ஆகவே எந்த மாதத்தில் அமைச்சரிடம் எழுத்தில் கேட்பீர்கள், பதில் வராவிட்டால் எப்போது சபையில் எழுப்புவீர்கள் என்றும் தொடர்ந்து கேளுங்கள்.

---

வல்லை வெளி | ஒக்டோபர் 28

மூன்றாவது கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். நீக்குவீர்களா என்றால் எல்லாரும் ஆம் என்பார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2018இலும் 2023இலும் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் என்ற பெயரில் மாற்றுச் சட்டம் வர்த்தமானியில் வந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தை நீக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே, பயங்கரவாதம் என்பதற்கு மிக அகலமான வரைவிலக்கணம் கொடுத்தார்கள். வேறுபாட்டைக் காட்டும் கேள்விகள் இவை:

"மாற்றுச் சட்டம் இல்லாமல் நீக்குவதற்கு வாக்களிப்பீர்களா, மாற்றுச் சட்டம் வந்தால்தான் நீக்குவீர்களா?"

"மாற்றுச் சட்டம் வருமென்றால், உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும் என்ற 16ஆம் பிரிவு அதில் இருக்குமா?"

16ஆம் பிரிவுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. சாதாரண சட்டத்தில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராகச் செல்லாது. இங்கே செல்லும். அது அச்சுறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் எதிரியின் தலையிலேயே விழுகிறது. 18 மாதம் வரை தடுத்துவைக்கும் அதிகாரத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 16ஐப் பற்றி ஒரு வேட்பாளர் தெளிவாகப் பதில் சொன்னால் அவர் சட்டத்தை வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். "அதெல்லாம் பார்த்துச் செய்வோம்" என்றால் வாசிக்கவில்லை.

இன்னொரு கேள்வியையும் சேருங்கள். யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதன்மையானது. அவசரகாலப் பிரகடனம் வெளிவந்தால் 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும், இல்லையென்றால் அது காலாவதியாகிவிடும். நீடிப்பதென்றால் மாதாமாதம் புதிதாக வாக்கெடுப்பு. இங்கே உறுப்பினர் ஒவ்வொருவருடைய கையும் எண்ணப்படுகிறது. "எந்தச் சூழ்நிலையில் ஆதரித்து வாக்களிப்பீர்கள்? சபைக்கு வராமல் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். வராமல் இருப்பதும் ஒரு விடைதான். அதை முன்கூட்டியே சொல்ல வையுங்கள்.

---

கச்சேரியடி | ஒக்டோபர் 28

வல்லை வெளிக்கு ஒரு திருத்தம். 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தத்திற்குப் பிறகு தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதமல்ல, 12 மாதம். மும்மூன்று மாதமாகத்தான் நீடிக்கலாம். மேடையில் பிழையான எண்ணைச் சொன்னால் வேட்பாளர் அதையே பிடித்துக்கொண்டு கேள்வியைக் கடந்துவிடுவார். மற்றது எல்லாம் சரி.

---

வல்லை வெளி | ஒக்டோபர் 28

சரிதான், 12 மாதம். ஏற்றுக்கொள்கிறேன்.

---

எண்சுவடி | ஒக்டோபர் 28

எல்லாரும் வேட்பாளரைப் பற்றியே கதைக்கிறீர்கள். நீங்கள் புள்ளடி போடுவது முதலில் பட்டியலுக்கு. ஆளுக்கு விழும் விருப்பு வாக்கு அந்தப் பட்டியலுக்குள் யார் முன்னுக்கு என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறது. கணக்கைக் கையால் செய்து பார்த்தால்தான் இது உறைக்கும். 2020 யாழ்ப்பாண முடிவை எடுக்கிறேன்.

செல்லுபடியான வாக்கு 359,130. அதில் 5 வீதம் 17,957. அதற்குக் கீழே எடுத்த பட்டியல்கள் கணக்கிலிருந்தே வெளியே. எஞ்சியவை ஐந்து: தமிழரசுக் கட்சி 112,967, தமிழ்க் காங்கிரஸ் 55,303, சுதந்திரக் கட்சி 49,373, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈபிடிபி) 45,797, தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி 35,927. கூட்டினால் 299,367.

அப்படியென்றால் 59,763 செல்லுபடியான வாக்குகள் எந்த ஆசனத்திற்கும் போகவில்லை. இரண்டாவதாக வந்த பட்டியலின் மொத்த வாக்கை விட அது கூட.

அப்போது ஆசனம் 7. அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம், எஞ்சியது 6. 299,367ஐ 6ஆல் வகுத்தால் 49,895. தமிழரசுக்கு இரண்டு முழு ஆசனம், போனஸோடு மூன்று. காங்கிரசுக்கு ஒன்று. மீதி மூன்றும், வகுத்தபின் மிஞ்சும் வாக்குகளில் பெரிய எச்சங்களுக்கு: சுதந்திரக் கட்சி, ஈபிடிபி, தேசியக் கூட்டணி.

இப்போது ஆசனம் 6 ஆகக் குறைந்துவிட்டது. அதே வாக்குகளை 5ஆல் வகுத்தால் 59,874. தமிழரசுக்கு ஒரு முழு ஆசனமும் போனசும், பிறகு எச்சத்தில் இன்னொன்று. காங்கிரஸ், சுதந்திரக் கட்சி, ஈபிடிபி தலா ஒன்று. ஐந்தாவது பட்டியல் 35,927 வாக்கோடு வெறுங்கையாகப் போகிறது. ஒரேயோர் ஆசனம் குறைந்ததற்கு இவ்வளவு.

ஆகவே ஞாயிறு கூட்டத்தில் கேட்க வேண்டியவை:

"உங்கள் பட்டியலில் 9 பேர். உங்களுக்கு என்று நான் போடும் வாக்கால் உள்ளே போகக்கூடிய மற்ற எட்டுப் பேரும் இதே கேள்விகளுக்கு இதே பதிலைச் சொல்வார்களா?"

"உங்கள் கட்சியின் தேசியப் பட்டியலில் யார் யார்? இங்கே மக்கள் தோற்கடித்த ஒருவரைத் தேர்தலுக்குப் பிறகு அதனூடாக அனுப்புவீர்களா?" சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 29 ஆசனம் இந்த வழியில்தான் நிரப்பப்படுகிறது.

"வென்ற பிறகு பக்கம் மாறுவீர்களா?" என்று நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. 2020 ஒக்டோபரில் யாப்பின் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சிப் பட்டியலில் வந்தவர்களும் கை உயர்த்தித்தான் மூன்றில் இரண்டுக்கு வேண்டிய 150ஐத் தாண்டியது. கட்சி விலக்கினால் ஆசனம் போகும் என்று யாப்பு சொல்கிறது, ஆனால் விலக்கியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தால் ஆசனம் தங்கிவிடும். இப்படிக் கேளுங்கள்: "உங்கள் கட்சி ஒரு திருத்தத்தை எதிர்க்க முடிவெடுத்து, உங்களுக்கு அது சரியென்று பட்டால், வாக்கெடுப்புக்கு முன் மாவட்டத்தில் யாரிடம் வந்து சொல்வீர்கள், எப்படி?"

---

நவக்கிரி வாக்காளர் | ஒக்டோபர் 28

மிக்க நன்றி. கணக்கு இப்படி என்று இப்போதுதான் விளங்குகிறது. காணிக் கேள்வியை எப்படித் திருத்துவது? கூட்டத்தை எப்படி நடத்துவது என்றும் யாராவது சொன்னால் நல்லது. பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார்.

---

கச்சேரியடி | ஒக்டோபர் 29

காணிக்கு: "காணி" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கிராம சேவகர் பிரிவின் ஜே இலக்கத்தையும், யாருடைய பிடியில் இருக்கிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். இராணுவம், வனத் திணைக்களம், வனசீவராசிகள், தொல்லியல் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு அமைச்சர். இராணுவத்தோடு பேசி விடுவிப்பேன் என்பவர் வனத் திணைக்கள வர்த்தமானியை என்ன செய்வார்? வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 2013இல் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உங்கள் பகுதி அதற்குள் வருகிறதென்றால், அந்த அறிவித்தலின் இன்றைய நிலையை அவர் எழுத்தில் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அவர் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் மேலே ஆணைக்குழு, அதற்கு இரண்டு மாத அவகாசம். கடிதத்தில் ஒரு காணி, ஒரு கேள்வி என்று வையுங்கள். பத்தைச் சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள்.

பழைய உறுப்பினர் யாராவது வந்தால் வேலை சுலபம். பாராளுமன்ற இணையதளத்தில் ஹன்சாட் இருக்கிறது. பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடந்த நாட்களில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பட்டியல் அதில் வரும். மூன்று திகதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

---

தெல்லிப்பளை சந்தி | ஒக்டோபர் 29

கூட்டம் நடத்துவது பற்றி.

40 நிமிடத்தில் பேச்சுக்கு 5 மட்டும். மிச்சம் கேள்விக்கு. ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம், பதிலுக்கு இரண்டு நிமிடம். நேரம் பார்ப்பவர் எந்தக் கட்சிக்கும் வேலை செய்யாதவராக இருக்கட்டும். ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்க வேண்டும். இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

கேள்விகளை இணைக்காதீர்கள். "வேலையும் காணியும்" என்று கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். மூன்று பட்டியலுக்கும் ஒரே கேள்விகள், ஒரே ஒழுங்கு. பதிலைக் கொப்பியில் எழுதி அவர் இறங்குமுன் வாசித்துக் காட்டுங்கள்: "மாகாண சபைத் திருத்தம், ஆறு மாதம், ஆம் என்று எழுதியிருக்கிறோம், சரியா?" இந்த ஒரு வாக்கியம் பாதி மழுப்பலைத் தீர்த்துவிடும். பதிவு செய்வதென்றால் முன்னரே சொல்லிவிடுங்கள்.

தேத்தண்ணிச் செலவை நிலையமே பார்க்கட்டும். வேட்பாளரோ அவரது ஆட்களோ கொடுத்தால் அது விருந்துகொடுத்தல் என்ற தேர்தல் குற்றத்திற்குள் வரலாம்.

பணம் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, முடிவு வந்து 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். "அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை எங்கள் நிலையத்திற்கும் அனுப்புவீர்களா?" தோற்றாலும் அனுப்புவேன் என்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கடைசியாக வாக்குச்சீட்டு. 2020இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 35 ஆயிரம் வாக்கு நிராகரிக்கப்பட்டது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிய கை இன்னும் மாறவில்லை. இதில் இலக்கம் எழுதக்கூடாது. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவிற்கோ எதிரே ஒரு புள்ளடி. பிறகு கீழே உள்ள கட்டங்களில், விரும்பினால், ஒன்று முதல் மூன்று வரை வேட்பாளர் இலக்கங்களின் மேல் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் போய்விடும். மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்கு மட்டும் போகும், கட்சி வாக்கு நிற்கும். ஒரு வெற்றுத் தாளில் கட்டம் கீறி, கூட்டம் முடிந்ததும் வயதானவர்களுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள். சின்னமோ பெயரோ அந்தத் தாளில் வேண்டாம்.

---

நவக்கிரி வாக்காளர் | ஒக்டோபர் 29

திருத்திய பட்டியல்: மாகாண சபைத் திருத்தம், 16ஆம் பிரிவு, அவசரகால வாக்கெடுப்பு, மற்ற எட்டுப் பேர், தேசியப் பட்டியல், ஜே இலக்கத்தோடு ஒரு காணி, வரவு செலவுப் பிரதி. ஏழு கேள்விக்கு 14 நிமிடம், பேச்சுக்கு 5. மிச்ச 21 நிமிடம் சபையிலிருந்து வரும் கேள்விகளுக்கு. வேலைவாய்ப்பை அதற்கு விட்டிருக்கிறேன். நாளைக் காலை அழைப்புக் கடிதத்தோடு மூன்று அலுவலகங்களுக்கும் கொடுக்கிறோம். பதில்களை ஞாயிறு இரவு இங்கே அப்படியே போடுகிறேன்.