லண்டன் ஹைவேயில் கிப்டமை இரண்டு முறை பார்த்தது

பெரிய ஓட்டக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 23, லண்டன் மாரத்தான். மழை நாள். டவர் பிரிட்ஜைத் தாண்டியதும் வரும் 'தி ஹைவே' சாலையோரம் இடம் பிடித்து நின்றேன். அங்கே நிற்பதில் ஒரு லாபம் உண்டு. பாதித் தூரம் முடிகிற சமயத்தில் ஓட்டக்காரர்கள் அந்தச் சாலையில் கிழக்கே போவார்கள். கேனரி வார்ஃப் பக்கம் சுற்றிவிட்டு, 35 கி.மீ. வாக்கில் அதே சாலையின் மறுபக்கத்தில் திரும்பி வருவார்கள். நின்ற இடத்தை விட்டு நகராமல், ஒரே ஆளைப் பாதியிலும் பார்க்கலாம், கடைசிக் கட்டத்திலும் பார்க்கலாம்.

முதல் தடவை கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். பாதித் தூரத்துக்கு 61 நிமிடம் 40 நொடி, அதாவது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 55 நொடி (2:55). நம்மில் பலருக்கு மைதானத்தில் ஒரு சுற்றுகூடத் தாங்காத வேகம் அது. ஆனால் அந்த முகங்களில் அவசரமே இல்லை. யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் வேறு யாரையாவதுதான் காட்டியிருப்பேன்.

சுமார் நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் தனி ஆள். 30 கி.மீ. தாண்டியதும் கிளம்பியிருக்கிறார். 30இலிருந்து 40 வரையிலான பத்து கிலோமீட்டரை 28 நிமிடத்துக்குள் முடித்தார். இரண்டாம் பாதி 59:45, மொத்தம் 2:01:25. இரண்டாவதாக வந்த ஜெஃப்ரி கம்வோரோர் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பின்னால். (பிரிட்டன் ஓட்டக்காரர் மோ ஃபாராவுக்கு அது கடைசி மாரத்தான். அவர் கடந்தபோது எழுந்த சத்தம் கிப்டமுக்கு எழவில்லை. ஊர்ப்பாசம்!)

எல்லோரும் அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ விஷயம் முதல் பாதியில்தான் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு கிலோகலோரி ஆகும். 55 கிலோ ஆள் மாரத்தான் ஓட 2,300 வரை வேண்டும். சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்க முடிவது ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி. கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது, ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் அதிகம் தேவை. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு மாவுச்சத்து 5 கிலோகலோரிக்குச் சற்று மேல் தரும், கொழுப்பு 4.7தான் தரும். நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது அந்தச் சின்ன வித்தியாசமே வேகத்தைக் குறைத்துவிடும். மாவுச்சத்து தீர்ந்தவர் மனசு வைத்தாலும் அதே வேகத்தில் ஓட முடியாது.

இன்னொன்று, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் கிளைகோஜன் செலவு அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். காற்று எதிர்ப்பைத் தள்ளும் செலவும் அப்படித்தான். அதனால் 2:55இல் கூட்டத்துக்குள் மறைந்து ஓடிய அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மலிவாக முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் 60:48, 59:47 என்று ஓடி 2:00:35 என உலக சாதனை வைத்தார். நான்கு மாதத்தில் சாலை விபத்தில் போய்விட்டார். 24 வயது.

பெர்லினிலிருந்து மறுமொழி:

நல்ல பதிவு. ஆனால் இரண்டாம் பாதி வேகமாக இருந்தால்தான் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே இங்கே 2018இல் 61:06, 60:33 என்று ஓடினார். கடைசி பேஸ்மேக்கர் (வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடுபவர்) 25 கி.மீ.யில் விலகிவிட, மிச்ச 17 கி.மீ. தனியாக ஓடி 2:01:39. 2022இல் தலைகீழ்: முதல் பாதி 59:51, அடுத்தது 61:18, ஆனாலும் 2:01:09, அப்போதைய உலக சாதனை. அதை நான் நேரில் பார்த்தேன். முதல் பாதியில் கொஞ்சம் பேராசைதான் என்று இன்றும் நினைக்கிறேன், அதற்காக அந்த ஓட்டம் சொதப்பல் என்று சொல்லிவிட முடியுமா?

ஓடும்போது குடிக்கிற சர்க்கரை பானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுதான் உறிஞ்சும். பிரக்டோஸும் (பழச்சர்க்கரை) கலந்தால் அது வேறு வழியாக உள்ளே போவதால் 90 கிராம் வரை ஏறும். 2018இல் கிப்சோகேவுக்கு பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக் குதித்த தன்னார்வலரின் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேட்டால் அந்த மனுஷர் குதித்ததில் தப்பே இல்லை. அந்த வேகத்தில் ஒரு பாட்டில் கைநழுவினால் அடுத்தது ஐந்து கி.மீ. தள்ளித்தான்.

பதிவு போட்டவரின் பதில்:

சரிதான், 2022ஐ மறந்துவிடக் கூடாது. லண்டனில் நான் நின்ற அதே நாள் காலையில் பெண்கள் ஓட்டமும் நடந்தது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசனுக்கு அது முதல் மாரத்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு, நின்று காலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி ஓடினார். விட்ட தூரத்தை ஒரே மூச்சில் பிடிக்கப் பாயவில்லை. பல கிலோமீட்டருக்குப் பிறகுதான் முன்னணிக் கூட்டத்தை எட்டினார். 2:18:33இல் ஜெயித்தார். இரண்டாமிடம் 4 நொடி, மூன்றாமிடம் 5 நொடி பின்னால். பாய்ந்து பிடித்திருந்தால் கடைசி நேர ஸ்பிரிண்டுக்கு அவரிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

ஸ்பெயினின் வலென்சியா மாரத்தானுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கிப்டமின் முதல் மாரத்தான் அங்கேதான், 2022 டிசம்பரில். அதிலும் இரண்டாம் பாதியில்தான் வேகம் கூடியது.