பேய்ப்பட டிரெய்லரில் உங்களை உலுக்கிய ஷாட் எது? கேமரா எங்கே, வெளிச்சம் எங்கிருந்து?

பின்வரிசை:

"செம பயம்", "தூக்கமே போச்சு" என்று ஒரு வரியோடு போய்விடாதீர்கள். எந்த ஷாட், கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இவற்றையும் சொல்லுங்கள். சத்தத்தை இந்த முறை ஒதுக்கி வைப்போம். திடீரென்று வயலின் கிறீச்சிட்டால் யாருக்கும்தான் தூக்கிவாரிப் போடும், அதில் கேமராவுக்குப் பங்கில்லை.

நானே ஆரம்பிக்கிறேன். தி கான்ஜுரிங் (2013) டீசர். நிலவறைப் படிக்கட்டில் ஒரு பெண் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். அவள் முகத்தில் படுவது அந்த வெளிச்சம்தான். பின்னால் கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து இரண்டு கைகள் நீண்டு, அவள் முகத்துக்குப் பக்கத்தில் தட்டுகின்றன.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் உடம்பு ஒரு கணம் இறுகியது. தீக்குச்சி எவ்வளவு நேரம் எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்லாமலே நம் மனதுக்குள் நேரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதோடு முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். கைகள் வருவதற்கு முன்பே நம் கண் அந்தக் காலி இடத்தைத் துழாவிக்கொண்டுதான் இருக்கிறது. பயம் அந்தத் தேடலில்தான் பிறக்கிறது, கைகள் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கின்றன, அவ்வளவே. இது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

*

டைம்லைன்:

டிரெய்லர் வெட்டும் அறையில் உதவியாளராகக் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம், வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

பல சமயம் டிரெய்லருக்கு ஷாட்டுகள் வந்து சேரும்போது கலர் வேலை (நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது) முடிந்திருக்காது, கிராஃபிக்ஸும் பாதியில் நிற்கும். படத்தில் முப்பது நொடி ஓடும் தாழ்வார ஷாட்டில் நமக்குக் கிடைப்பது மூன்று நொடி. அந்த மூன்று நொடிக்குள் பார்ப்பவர் நெளிய வேண்டும். கேமரா அசையாமல் நிற்கும் ஷாட்டாக இருந்தால் ஃப்ரேமையே சில சதவீதம் மெதுவாகப் பெரிதாக்குவோம். பார்ப்பவருக்குக் கேமரா முன்னேறுவது போலத் தோன்றும்.

ஆனால் உண்மையான ட்ராலியும் (கேமராவை வைத்துத் தள்ளும் வண்டி) இதுவும் ஒன்றல்ல. ட்ராலி நகரும்போது பக்கத்தில் இருக்கும் கதவு வேகமாக விலகும், தூரத்தில் இருக்கும் சுவர் மெதுவாக நெருங்கும். கணினியில் பெரிதாக்கினால் எல்லாம் ஒரே அளவில் வளரும். ஆழமே இல்லாமல் ஒரு புகைப்படம் நம்மை நோக்கி வருவது போல இருக்கும். சாதாரணக் காட்சியில் இது மட்டமான வேலை. பேய்ப்படத்தில் பாருங்கள், அந்தத் தட்டைத்தனமே ஏதோ சரியில்லை என்ற உணர்வைக் கொடுத்துவிடும். தெரிந்தே பயன்படுத்துவோம்.

அடுத்தது கண் போகும் பாதை. வழக்கமாக ஒரு ஷாட் முடியும்போது பார்ப்பவர் கண் ஃப்ரேமில் எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்திலேயே அடுத்த ஷாட்டின் முக்கியமான பொருள் இருக்கும்படி வெட்டுவார்கள். பார்ப்பவருக்குச் சிரமம் இருக்காது. பேய்ப்படத்தில் இந்த விதியை இரண்டு விதமாகக் கையாளலாம். சங்கடப்படுத்த வேண்டுமென்றால் விதியை உடைப்போம். கண் இடப்பக்கம் இருக்கும்போது, அடுத்த ஷாட்டில் வலப்பக்க மூலையில் ஓர் உருவம். பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள், பாதிப் பேர் பார்க்கவில்லை என்ற நிலை வரும். அதிர வைக்க வேண்டுமென்றால் நேர் எதிர். எட்டு ஃப்ரேம், அதாவது எட்டே தனிப்படங்கள், நொடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வரும் முகத்தைத் தேடக் கண்ணுக்கு நேரம் கிடையாது. அது கண் ஏற்கெனவே நிற்கும் இடத்திலேயே வந்து விழ வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனால் "என்னமோ வந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும், உடம்பு அதிராது.

ஷாட்டுகளுக்கு நடுவே வரும் கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சும்மா ஓர் இடைவெளி என்று நினைப்பார்கள். அங்கே நாம் எத்தனை ஃப்ரேம் கறுப்பு வைக்கிறோம் என்பதற்கு ஒரு தாளம் உண்டு. நான்கைந்து முறை ஒரே நீளத்தில் கறுப்பு வந்துவிட்டால் பார்ப்பவர் தன்னை அறியாமல் அந்தத் தாளத்துக்குப் பழகிவிடுவார். ஆறாவது முறை கறுப்பை நீட்டிவிடுவோம். அல்லது பாதியிலேயே வெட்டுவோம்.

*

ஜன்னலோரம்:

டைம்லைன் சொன்ன அந்தக் கறுப்பைப் போனில் பார்த்தால் இன்னொரு கொடுமை இருக்கிறது. திரை கறுப்பானதும் தெரிவது என் முகம்தான்! அதுவும் கீழேயிருந்து பார்க்கும் கோணத்தில். இதையும் ஒளிப்பதிவாளர் கணக்கில் சேர்க்கலாமா?

இன்னொன்று. ஒரு டிரெய்லரில் இருட்டு மூலையில் ஏதோ ஊர்வது போலத் தெரிந்தது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசியில் அது பேயல்ல. இணையத்தில் ஏற்றும்போது வீடியோவைச் சுருக்குகிறார்களே, அதில் கருமையின் நுட்பமான வேறுபாடுகள்தான் முதலில் அடிபடும். மெல்லிய நிழலெல்லாம் கட்டங்கட்டமாக உடைந்து நகர்கிறது. அதைத்தான் பேய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

கட்டர் ஸ்டாண்ட்:

லைட்டிங் பக்கத்திலிருந்து ஓர் ஆள். ஜன்னலோரம் சொன்ன பிரச்சினை எங்களுக்கும் தலைவலிதான். அதனாலேயே டிரெய்லருக்குத் தனியாகக் கலர் பார்த்து, படத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிக் கொடுப்பதுண்டு.

வெளியில் இருப்பவர்கள் பலர் இருட்டு என்றால் விளக்குப் போடாமல் விட்டுவிடுவது என்று நினைக்கிறார்கள். விளக்கே போடாவிட்டால் கிடைப்பது இருட்டல்ல, புள்ளிபுள்ளியாக அழுக்குச் சாம்பல். கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் ஃப்ரேமில் எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி வேண்டும். தூரத்தில் ஒரு மேசை விளக்கு, கதவிடுக்கில் ஒரு கோடு, ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீலம். அதோடு ஒப்பிட்டுத்தான் கண் மற்றதை இருட்டு என்று முடிவு செய்கிறது. இருட்டுக் காட்சி எடுக்கிற நாளில் எங்களுக்கு விளக்கை ஏற்றுகிற வேலையைவிட, கறுப்புத் துணியும் கட்டரும் (வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புத் தடுப்பு) வைத்து மறைக்கிற வேலைதான் அதிகம்.

முகத்துக்குக் கீழேயிருந்து வெளிச்சம் அடித்துப் பயமுறுத்துவது பழைய வித்தை. இப்போது அப்படி வைத்தால் சிரித்துவிடுவார்கள். இன்று அதிகம் வேலை செய்வது மேலிருந்து வரும் வெளிச்சம். நேர் உச்சியில் ஒரு மென்மையான விளக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து எதுவும் கிடையாது. புருவ எலும்பின் நிழல் விழுந்து இரண்டு கண்குழிகளும் காணாமல் போய்விடும். மூக்கும் கன்னமும் தெரியும், கண் தெரியாது.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மறக்க முடியாத ஒரு படப்பிடிப்பு. வயதான நடிகை ஒருவர் வாசலில் நின்று புன்னகைக்க வேண்டும். அவ்வளவுதான் ஷாட். ரிகர்சலில் பாட்டி பேரனைப் பார்ப்பது போல அத்தனை பாசம். கேமராமேன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணில் மினுங்கும் புள்ளியை எடுக்கச் சொன்னார். முன்னால் இருந்த வெள்ளைப் பலகையை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி பிடித்தோம். விழியில் இருந்த அந்த வெள்ளைப் புள்ளி மறைந்தது. நடிப்பில் ஒரு மாற்றமும் இல்லை, அதே புன்னகை, அதே தலைச் சாய்வு. ஆனால் மானிட்டரில் பார்த்தால் உயிரில்லாத ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களே இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்கள். டிரெய்லரில் அது ஒரு நொடிதான் வந்தது. பார்த்தவர்கள் அதைத்தான் பேசினார்கள், ஏன் பயந்தோம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

டார்ச் லைட் காட்சிகளும் அப்படித்தான். டார்ச் நடிகர் கையில் போய்விட்டால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது அவர் மணிக்கட்டில் இருக்கிறது. நல்ல நடிகர் என்றால் அந்த ஒளிவட்டத்தை ஓர் உருவத்தின் மீது படவிட்டு, நின்று பார்க்காமல் கடந்துபோவார். அரை நொடி கழித்துத் திரும்பக் கொண்டுவருவார். அங்கே ஒன்றும் இருக்காது. சொல்லிக் கொடுக்க முயன்றிருக்கிறேன். சிலருக்கு வரவே வராது.

லைட்ஸ் அவுட் (2016) டிரெய்லரையும் சொல்லியாக வேண்டும். விளக்கை அணைத்தால் உருவம் நிற்கிறது, போட்டால் இல்லை. இயக்குநர் சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த குறும்படத்திலேயே இந்த யோசனை வந்துவிட்டது. சுவரில் இருக்கும் ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு படமே எடுத்துவிட்டார்கள். எங்கள் துறையில் இருப்பவர்களுக்குப் பொறாமைதான்.

*

சந்தேகப் பிராணி:

எல்லோரும் இருட்டு இருட்டு என்கிறீர்கள். எனக்கு இந்த டிரெய்லர்களில் முக்கால்வாசி சலிப்புத்தான் தருகின்றன. நீளமான தாழ்வாரம், மெதுவாக முன்னேறும் கேமரா, குழந்தை வரைந்த படம், கறுப்பு, படத்தின் பெயர், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு முகம் பாய்ந்து வரும். படத்தின் பெயர் வந்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

2018இல் தி நன் படத்துக்கு ஒரு குட்டி விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? கறுப்புத் திரையில் ஒலி குறைக்கும் அடையாளம் தெரியும். நம் சாதனத்தில்தான் ஏதோ ஆகிறது என்று உற்றுப் பார்த்தால், அலறலோடு முகம் வந்து விழும். வேறு ஏதோ வீடியோ பார்க்க வந்தவர்கள் தலையில் அதைக் கட்டியதால் புகார்கள் வந்து, யூடியூப் அதை நீக்கியது. அது ஒளிப்பதிவா? என்னைக் கேட்டால் பின்மண்டையில் அடிப்பது.

என்னை உண்மையிலேயே கலக்கியது தி ஷைனிங் (1980) டீசர். இருட்டே கிடையாது. இரண்டு லிஃப்ட் கதவுகள், இரண்டு பக்கமும் நாற்காலிகள், சமமான வெளிச்சம், அசையாத கேமரா. எழுத்துகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. அப்புறம் கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. ஒரே ஷாட். பின்வரிசை சொன்ன "தேடல்" இங்கே எங்கே இருக்கிறது? எல்லாம்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறதே. அதற்கு இருபது வருடம் முன்னால் சைக்கோ (1960) டிரெய்லரில் இயக்குநர் ஹிட்ச்காக் கொலைகள் நடந்த விடுதியையும் வீட்டையும் ஆறு நிமிடத்துக்கும் மேலாகச் சுற்றிக் காட்டுகிறார், வீடு விற்க வந்த தரகர் போல. அதிலும் மூலையில் ஒளிந்திருக்கும் நிழல் எதுவும் இல்லை. கடைசியில் குளியலறைத் திரையை அவர் விலக்கும்போதுதான் அலறல்.

*

பின்வரிசை:

நியாயமான அடி. ஆனால் ஷைனிங் டீசரிலும் தேடல் இருக்கிறது. எதுவுமே நடக்காத ஃப்ரேமை அவ்வளவு நேரம் காட்டினால், எழுத்தைப் படித்துக்கொண்டே ஒரு கண்ணால் அந்தக் கதவைக் கவனித்துக்கொண்டிருக்க மாட்டோமா? இரண்டு கதவுகளில் எது என்றுகூடத் தெரியாது. வெளிச்சம் ஒளிக்காததைக் காலம் ஒளித்து வைத்திருக்கிறது.

அதைவிட முக்கியம் கேமரா நகராதது. ரத்தம் லென்ஸ் வரைக்கும் வருகிறது, கேமரா விலகுவதில்லை. கேமரா ஓடினால் நாமும் அதோடு ஓடிவிடுவோம், அது நின்றுவிட்டால் நமக்கும் வழி கிடையாது. பாராநார்மல் ஆக்டிவிட்டி (2009) டிரெய்லரில் படுக்கையறை மூலையில் முக்காலியில் நிற்கும் கேமராவும் இதைத்தான் செய்கிறது. அங்கே நடப்பதைப் பார்க்க ஆளே இல்லை, இயந்திரம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருட்டு அரங்கில் படம் பார்த்து அலறும் ரசிகர்களையும் அதே டிரெய்லரில் காட்டினார்கள். பயப்படுகிற முகத்தைப் பார்த்தே பயப்பட வைக்கிற தந்திரம்.

*

ஓரப்பார்வை:

இடையில் ஒரு வேண்டுகோள். எனக்கு மின்னும் வெளிச்சம் ஆகாது, ஒற்றைத் தலைவலி கிளம்பிவிடும். வலிப்பு நோய் உள்ள சிலருக்கு இது உண்மையிலேயே ஆபத்து. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இணைய அணுகல் வழிகாட்டிகளே சொல்கின்றன. பேய்ப்பட டிரெய்லர்களின் கடைசிப் பதினைந்து நொடி கிட்டத்தட்ட எப்போதும் இப்படித்தான் மின்னித் தள்ளுகிறது. இங்கே டிரெய்லர் இணைப்பைப் பகிர்பவர்கள் "மின்னல் வெட்டு உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியம்.

*

டைம்லைன்:

ஓரப்பார்வை, சேர்க்கிறேன். அந்த மின்னல் வெட்டு ஏன் அவ்வளவு வருகிறது என்பதற்கு உள்ளிருந்து ஓர் உண்மை. பெரும்பாலும் கலைக் காரணம் எதுவும் இல்லை. உருவத்தின் கிராஃபிக்ஸ் முடிந்திருக்காது, அல்லது ஒப்பனையின் ஒட்டு தெரியும். மூன்று ஃப்ரேம் வெளிச்சம், மூன்று ஃப்ரேம் கறுப்பு என்று வெட்டினால் குறை எதுவும் கண்ணில் படாது. சந்தேகம் இருந்தால் யூடியூபில் கணினியில் நிறுத்திவிட்டுப் புள்ளி விசையைத் தட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். காற்புள்ளி விசை பின்னால் கொண்டுபோகும்.

*

சந்தேகப் பிராணி:

தட்டிப் பார்த்தேன். பல உருவங்கள் வெறும் மங்கலான வெள்ளைத் தீற்றல்கள். காசு திரும்பக் கேட்கலாம் போல இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இட் (2017) டீசரில் வரும் ஸ்லைடு புரொஜெக்டர். இருட்டான கராஜில் சுவரில் விழும் குடும்பப் புகைப்படம் தானாக மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் படம் அம்மாவின் முகத்தை நெருங்குகிறது, முகத்தை முடி மறைத்திருக்கிறது. அறையில் இருக்கும் முக்கிய வெளிச்சமே அந்தப் புரொஜெக்டர்தான், ஆக பயப்படுகிற பிள்ளைகளின் முகங்களைக் காட்டுவதும் அதே பேய்தான். டைம்லைன் சொன்ன கறுப்பு இடைவெளியும் எடிட்டர் வைத்தது போலத் தெரியவில்லை, ஸ்லைடு மாறும்போது இயல்பாக வருகிறது. கேமரா முன்னேற வேண்டிய அவசியமும் இல்லை, படமே முன்னேறி வருகிறது. முடி விலகியதும் அங்கே கோமாளி.

இதற்கு மட்டும் முழு மதிப்பெண். டைம்லைன், அந்தக் கிளிக்குகளின் இடைவெளி கடைசியில் சுருங்குகிறதா, இல்லை அப்படித் தோன்றுகிறதா? ஃப்ரேம் எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியுமா?