பிரெஞ்சு வினையில எத்தினை அசை? அவசரம்

லாச்சப்பல்_அம்மா:
நாளைக்குப் பிள்ளை கொப்பி குடுக்கோணும். ‘இல் பார்ல்’ (ils parlent), அவர்கள் பேசுகிறார்கள். அந்த வினையில எத்தினை அசை? நான் ஒண்டு எண்டு சொல்லிக் குடுத்தன், டீச்சர் சிவப்புக் கோடு போட்டிருக்கிறா. கெதியாச் சொல்லுங்கோ.

வில்லியனூரான்:
அக்கா, எழுதுறபடி பிரிக்கிற எழுத்து அசையா, காதுல கேக்குறபடி எண்ணுற ஒலி அசையா? பிள்ளை எந்த வகுப்பு?

மெத்ரோ_தம்பி:
கேள்வியைப் படம் எடுத்துப் போடுங்க. வினைச்சொல் கடைசியில இ-என்-டி வந்தா எப்பவுமே மௌனம். ஒண்ணுதான். டீச்சர்தான் தப்பு.

இலக்கண_வாத்தி:
‘எப்பவுமே’வா? தம்பி, இது தொடக்கப் பாடம். ‘இல் வியாங்’, அவன் வருகிறான். அதுவும் இ-என்-டியில்தான் முடிகிறது, மூக்கொலியாகக் கேட்கிறது. படர்க்கைப் பன்மை விகுதியாக வந்தால் மட்டுமே மௌனம். ‘லே பூல் த்யு கூவாங் கூவ்’, மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. கடைசி இரண்டு சொல்லையும் எழுதிப் பாருங்கள்: எழுத்து மாறாது. பெயரானால் கூவாங், வினையானால் கூவ்.

துலூஸ்_வாசி:
எங்கட பக்கம் சனம் ‘பார்லெ’ எண்டு ரெண்டாத்தான் சொல்லுவினம். பாரிஸ் ஆக்கள்தான் விழுங்கிறது.

வில்லியனூரான்:
அந்த மெல்லிய எ நம்ம குற்றியலுகரம் மாதிரிங்க. நாடு, இது சேர்ந்தா நாடிது, உகரம் ஓடிப்போச்சு. பிரெஞ்சுச் செய்யுள்லயும் அடுத்து உயிர் வந்தா எ கெடும், மெய் வந்தா ஓர் அசையா நிக்கும். 12 அசை வரியை அப்படித்தான் எண்ணணும்.

இலக்கண_வாத்தி:
ஒப்புமை பாதிதான் பொருந்தும். பன்மை விகுதியில் எ-க்குப் பின்னால் இரண்டு மெய் நிற்கிறதே. செய்யுளில் அடுத்து உயிர் வந்தாலும் அது கெடாது. ‘த்’ ஒலிக்கும், அசையும் எண்ணப்படும்.

வில்லியனூரான்:
விகுதிக்குச் சரிங்க ஐயா. ஒருமை ‘பார்ல்’ எ-யில முடியுதே, அதுக்கு என் ஒப்புமை முழுசாப் பொருந்தும்.

மெத்ரோ_தம்பி:
செய்யுளை விடுங்க. அக்கா, படம் எங்க?

லாச்சப்பல்_அம்மா:
வேலையால இப்பதான் வந்தன். பிள்ளை இரண்டாம் வகுப்பு. கொப்பியில மேல ‘எழுத்து அசை’ எண்டுதான் போட்டுக் கிடக்கு, நான் கவனிக்கேல்லை. முதல் மூண்டு எழுத்து ஒரு துண்டு, மிச்ச நாலும் ஒரு துண்டு. ரெண்டு எண்டு திருத்தியாச்சு. கை தட்டிப் பாத்தால் ஒரு தட்டுத்தான் வருது. நன்றி எல்லாருக்கும்.