40 நிமிடப் பீரியடில் வெளிவகுப்பு: உருப்படியாக என்ன செய்யலாம்?

சாக்பீஸ்:
கோவைக்கு வெளியே சின்ன மெட்ரிக் பள்ளி. ஆறாவதிலும் ஏழாவதிலும் தலா 28 பிள்ளைகள். மைதானத்தில் ஒரு கொடிக்கம்பம், மதிலோரம் நெட்டிலிங்க வரிசை, இரண்டு வேம்பு, பின்பக்கம் களை மண்டிய காலியிடம். கணக்கு டீச்சருக்கும் அறிவியல் டீச்சருக்கும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பாடம் நடத்த ரொம்ப ஆசை. ஆனால் வரிசை கட்டிப் போவதற்கே பத்து நிமிடம் ஓடிவிடுகிறது. பிறகு மணி அடிக்கும்வரை கத்தல்தான். பெற்றோர் "போர்ஷன் முடியலையே" என்கிறார்கள். பெரிய செலவில்லாமல் எப்படி நடத்துவது?

அளவுநாடா:
சார், டீச்சர் கத்த வேண்டியிருக்கிறது என்றால் விளக்கம் வெளியே நடக்கிறது என்று அர்த்தம். ஆர்வமுள்ள ஆசிரியர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். மரத்தைப் பார்த்ததும் சொல்ல ஆயிரம் விஷயம் வந்துவிடும். திறந்தவெளியில் அது பாதிப் பிள்ளைகளுக்குக் கேட்காது. விளக்கம் முழுக்க அறைக்குள், 8 நிமிடம். கேள்வியைப் பலகையில் எழுதி, நோட்டில் காலி அட்டவணை போடவைத்த பிறகே கதவைத் திறக்கணும். வெளியே 20 நிமிடம், கைவேலை மட்டும். மிச்சம் உள்ளே வந்து கணக்குப் போட. வரிசையே வேண்டாம்: நான்கு பேராக ஏழு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் நிற்கும் இடம் சுண்ணாம்பில் முன்பே குறித்திருக்கட்டும். நாடா பிடிக்க இருவர், குச்சி பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். வேலை இல்லாத ஐந்தாவது ஆள்தான் ஓடுவான்.

முதல் பாடம் கொடிக்கம்பத்தின் உயரம். ஆறாம் வகுப்பு விகிதசமம் அப்படியே வந்துவிடும். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும் கம்பத்தின் நிழலையும் அளக்கணும். குச்சி நிழல் 92 செ.மீ., கம்ப நிழல் 5.52 மீ. என்றால் உயரம் 6 மீ. கம்பத்தின் உண்மையான நீளம் பள்ளிக்குத் தெரியும் என்பதால் விடை சரியா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

விடை கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் குச்சி சாய்ந்திருப்பதுதான். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்தால் தெரிந்துவிடும். இரண்டு நிழலையும் சில நிமிடங்களுக்குள் அளக்கணும். கால் மணி நேரம் இடைவெளி விட்டால் சூரியன் நகர்ந்திருக்கும். உச்சிவேளையில் நிழல் குட்டையாகிச் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும், அதனால் காலை 9.30 வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நெட்டிலிங்கம். வேம்பு வேண்டாம்: கிளை அகலமாகப் பரவியிருப்பதால் நிழலின் நுனி மரத்தின் உச்சியிலிருந்து விழாமல் பக்கக் கிளையிலிருந்து விழும், உயரம் கூடுதலாக வரும்.

நாடா விஷயம்: கொத்தனார் நைலான் நூலில் அளவு குறிக்காதீர்கள், இழுத்தால் நீளும். அட்டைப்பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டை மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். பத்து செ.மீ.க்கு ஒரு கோடு மார்க்கரில் போட்டால் ஏழு குழுவுக்கும் நாடா தயார்.

மண்வெட்டி:
கணக்கு டீச்சர் மைதானத்தை எடுத்துக்கொண்டார், அறிவியல் டீச்சருக்கு அந்தக் காலியிடம்தான் புதையல். களையை வெட்டச் சொல்லிவிடாதீர்கள்.

நான்கு குச்சி, சணல் கயிறு, ஒரு மீட்டர் சதுரம். உள்ளே பத்து செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டினால் நூறு கட்டம். எத்தனை கட்டத்தில் அருகம்புல், எத்தனையில் குப்பைமேனி, எத்தனை வெறும் மண் என்று எண்ணினால் அதுவே சதவீதம். செடியைத் தனித்தனியாக எண்ணச் சொல்லக் கூடாது, அருகம்புல்லில் ஒரு செடி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பச்சையாக இருக்கும் இடத்தைத் தேடிப்போய்ச் சதுரம் வைப்பார்கள். அதைத் தடுக்க, திரும்பி நின்று ஒரு பழைய டஸ்டரை எறிந்து, விழுந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சதுரம் கட்டவே இருபது நிமிடம் போகும் என்பதால் முந்தைய நாள் கட்டி வைத்துவிடணும்.

முந்தைய நாளே யாராவது சுற்றிப் பார்த்து கண்ணாடித் துண்டு, கருவேல முள், குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்க்கணும். பார்த்தீனியம் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

மண்ணில் மணல், வண்டல், களிமண் எவ்வளவு என்று பார்க்க, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும் ஒரு லிட்டர் பாட்டில் போதும். காய்ந்த மண்ணை நொறுக்கிச் சலித்து மூன்றில் ஒரு பங்கு, கழுத்துவரை தண்ணீர், அரை ஸ்பூன் சோப்புத்தூள், மூன்று நிமிடம் குலுக்கல். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்துக்குள், களிமண் அடுத்த நாள்தான். ஒவ்வொன்றும் படிந்ததும் வெளியே கோடு போடணும். கரிசல் மண் இரண்டு நாளானாலும் கலங்கலாகவே நிற்கும், அது தவறல்ல.

சாக்பீஸ்:
நன்றி. பட்டை யோசனை பிரமாதம். மழைக்காலத்திலும் கொளுத்தும் வெயிலிலும் என்ன செய்வது? போர்ஷன் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

அளவுநாடா:
மார்ச் முதல் ஜூன் வரை பத்தரைக்குப் பிறகு வெளியே வேண்டாம். முதல் இரண்டு பீரியடில் முடித்துவிடுங்கள். சின்னப் பள்ளிக்கு இதில் ஒரு வசதி உண்டு, இரண்டு டீச்சர் பேசிக்கொண்டால் டைம்டேபிள் மாறிவிடும்.

நிழலில்லா நாளை, அதாவது சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாத நாளை, மட்டும் நண்பகலில் பார்த்தாகணும். ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஏப்ரலில் வருவது தேர்வு நேரம், அதனால் ஆகஸ்டைப் பிடியுங்கள்: கோவைக்கு 24-ஐ ஒட்டி, மதியம் 12.24 வாக்கில். மேகம் மூடிவிட்டால் அடுத்த நாள் பாருங்கள். ஒரு நாள் தள்ளினால் ஒரு மீட்டர் குச்சிக்கு 6 மி.மீ. நிழல்தான் கூடும். வாட்ச் 12 காட்டும்போது சூரியன் ஏன் உச்சிக்கு வரவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். தீர்க்கரேகைப் பாடத்தை அங்கே தொடங்கலாம்.

குடைக்காரி:
மழைக்கு மழைமானி. இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் உயரம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறிக்கணும். அதற்கு மேல்தான் ஸ்கேல் ஒட்டணும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதி மழைமானிகள் பொய் சொல்கின்றன. மதிலிலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள், மரத்தடி கூடவே கூடாது. வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரம் அளந்தால் செய்தித்தாள் அளவோடு ஒப்பிடலாம். கல்லும் தண்ணீரும் பூஜ்யக் கோட்டில் இருக்கின்றனவா என்று தினமும் பார்க்கணும், வெயிலில் ஆவியாகிவிடும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 200 ச.மீ. மொட்டைமாடியில் 25 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். பள்ளியின் மழைநீர்த் தொட்டி கொள்ளுமா என்று கணக்குப் போடவையுங்கள்.

போர்ஷன் பற்றி: நோட்டில் ஒவ்வொரு வெளிவகுப்புக்கும் மேலே பாடத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதவையுங்கள். மாதத் தேர்வில் அந்த அளவுகளிலிருந்தே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வையுங்கள். பெற்றோர் பார்ப்பது நோட்டும் மதிப்பெண்ணும்தான், போட்டோ இல்லை. வாரத்துக்கு ஒரு வெளிவகுப்புக்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் மூன்று நான்கு வைத்தால் ஒரு மாதத்தில் டீச்சருக்கே அலுத்துவிடும்.