மெல்லிசு பிளைவுட் பலகைங்கள ஒண்ணோட ஒண்ணு எப்படி சேக்கிறது? கோயில் மேடை பேக்டிராப்புக்கு

சிப்புட்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில், திருவிழா மேடைக்கு பின்னால நிக்க வைக்க பேக்டிராப் செய்யற வேலைய எங்க இளைஞர் குழு தலையில கட்டிட்டாங்க. அகலம் 16 அடி, உயரம் 8 அடி. இப்ப இருக்கிறது யாரோ ஒரு காலத்துல 12 எம்எம் பிளைவுட்ல அடிச்சு வச்சது, ஒரு பலகைய தூக்கவே ரெண்டு ஆளு மூச்சு வாங்கணும், ஸ்டோர்ல எடம் இல்லாம வெளிய சாத்தி வச்சு ஓரமெல்லாம் உப்பி பாளம் பாளமா வருது.

இந்த தடவ 3 எம்எம் ஷீட்டு, 8 அடிக்கு 4 அடி, நாலு ஷீட்டு எடுத்து செய்யலாம்னு பேச்சு. லேசா இருந்தா நவராத்திரிக்கும் எடுக்கலாம், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு கேட்டாலும் லோரில போட்டு அனுப்பிடலாம். பிரச்சன என்னன்னா இவ்ளோ மெல்லிசு பலகைய பக்கத்து பலகையோட எப்படி ஜாயின்ட் பண்றது? ஓரத்துல ஸ்குரூ ஏறாது, கம் போட்டு ஒட்டிட்டா பிறகு பிரிக்க முடியாது, எங்களுக்கு பிரிச்சு மாட்டறதுதான் முக்கியமே. பின்னால தகடு வச்சு போல்ட் போட்டா பிச்சிக்குமா? சட்டம் வேணும்னா பக்கத்து ஃபேக்டரில ரப்பர் மர துண்டு சல்லிசா கிடைக்கும், அது ஆவுமா? கையில இருக்கிறது டிரில், கை ரம்பம், ஸ்டேப்பிள் கன் கடன் வாங்கிக்கலாம்.

கம்பார்_காளை:
எதுக்கு லா இவ்ளோ கஷ்டம், பேனர் அடிச்சு கம்பில தொங்க விட்டா முடிஞ்சுது கத.

சிப்புட்_பையன்:
தலைவர் பேனர் வேணாம்னுட்டாரு அண்ணே, காத்துல படபடன்னு அடிச்சு பேசுறவங்க குரலே கேக்கலயாம். பலகையில வரையறதுக்கு ஒரு ஓவியர் உபயம் ஏத்துக்கிட்டாரு, அதனால பலகைதான்.

மூவார்_மரவேலை:
தம்பி, பலகைய பலகையோட சேக்கணும்னு நெனைக்கிறதுதான் சிக்கல். 3 எம்எம்ல எந்த ஜாயின்ட்டும் நிக்காது, அது வெறும் தோலு. ஒவ்வொரு ஷீட்டுக்கும் பின்னால தனித்தனியா சட்டம் கட்டு, அப்புறம் சட்டத்த சட்டத்தோட சேத்துடு, பலகைக்கு அந்த பாரமே தெரியக்கூடாது. வீட்டு ரூம் கதவு தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுல்ல, உள்ள பாதி காலி, ரெண்டு பக்கம் மெல்லிசு பிளை, ஓரத்துல மட்டும் சட்டம், கீல் பூட்டு எல்லாமே அந்த சட்டத்துலதான் உக்காருது. அதே கணக்குதான் இங்கயும்.

ஒரு இன்ச்சுக்கு ரெண்டு இன்ச் மெரந்தி மர சட்டம் எடு, ஹார்ட்வேர் கடையில நீட்டு நீட்டா விக்கும், எடுக்கும்போதே ஒரு கண்ண மூடிக்கிட்டு நீளத்துக்கு பாத்து வளைஞ்சத கழிச்சுடு. சுத்தி நாலு பக்கமும் நடுவுல குறுக்க மூணும் வை. முக்கியமானது, சட்டத்த படுக்க வைக்காத, நிமித்தி வை, ஒரு இன்ச் பக்கம் பலகையில ஒட்டணும், ரெண்டு இன்ச் பக்கம் பின்னால ஆழமா நிக்கணும். அப்பதான் 8 அடி உயரத்துக்கு வளையாம நிக்கும், பக்கத்து பேனலோட ரெண்டு இன்ச் முகமும் முகமும் ஒட்டி நிக்கும், போல்ட் போட எடம் கிடைக்கும்.

மூலைக்கு வெறும் ஸ்குரூ மட்டும் அடிச்சா பத்தாது, அது மரத்தோட நார் ஓட்டத்துலயே போறதால பிடி கம்மி, கம்மும் அந்த வெட்டு முனையில அவ்வளவா பிடிக்காது, உறிஞ்சிடும். 6 எம்எம் பிளைவுட்ல முக்கோணம் வெட்டி பின்பக்கம் மூலைக்கு மூலை கம் வச்சு அடிச்சுடு, பிளைவுட்டோட மேல் நார் ஜாயின்ட்ட குறுக்க தாண்டி போற மாதிரி வச்சு. முக்கோணத்த ஓரத்துலருந்து முக்கால் இன்ச் உள்ள தள்ளி வை, இல்லன்னா பக்கத்து பேனல் வந்து சேரும்போது இடிக்கும்.

பாரம் கணக்கு போட்டு பாரு. 8க்கு 4 ஷீட்டு 3 எம்எம்னா அஞ்சு கிலோ சொச்சம், சட்டம் ஒரு அஞ்சு கிலோ, ஆக மொத்தம் 10, 11 கிலோல முடியும். உங்க பழைய 12 எம்எம் ஷீட்டு தனியாவே 20 கிலோ தாண்டும், மரத்த பொறுத்து.

ரப்பர் மரம் பத்தி சொல்றேன், நாங்க இங்க ஃபேக்டரில நாள் முழுக்க அதுலதான் வேல, மேச நாற்காலிக்கு அருமையான மரம், ஆனா ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ சுமார் வரும், லேசு கணக்குக்கு ஆகாது. அதோட, அறுத்த உடனே போரான் மருந்து ஏத்தாத துண்டா இருந்தா நீலம் பூத்து பூச்சி துளைச்சு மாவா கொட்டும், ஃபேக்டரி கழிவுல எது மருந்து ஏத்துனதுன்னு பாத்தா தெரியாது. பின்னால முட்டு கொடுக்கிற காலுக்கு வேணும்னா போடு, அங்க பாரம் இருந்தா நல்லதுதான்.

பழைய_நாடகக்காரன்:
மூவார் அண்ணன் சொன்ன சட்டம் சரி, ஆனா போல்ட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பினாங்குல நாங்க மேடை நாடகம் போட்ட காலத்துலருந்து இதுக்கு பின் உருவுற கீல்தான், கீலோட ஒரு பாதி இந்த சட்டத்துல, மறு பாதி அந்த சட்டத்துல, ஊசி மாதிரி பின்ன சொருகினா பிடிச்சுக்கும் உருவினா கழண்டுரும், ஸ்பானர் வேணாம் ஒண்ணும் வேணாம், இருட்டுல கூட மாட்டலாம். ராத்திரி நிகழ்ச்சி முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு போவ துடிக்கிற நேரத்துல போல்ட் தேடிக்கிட்டு நிக்க யாருக்கு பொறுமை இருக்கு.

முன்னால தெரியுற கோட்டுக்கு நாங்க காடா துணிய நாலு இன்ச் பட்டையா கிழிச்சு கம் தண்ணில நனைச்சு ஒட்டி மேல அதே கலர் அடிச்சுடுவோம், பிரிக்கணும்னா கிழிச்சுட வேண்டியது. உங்களுக்கு அடிக்கடி பிரிக்கணும்னா ஓவியர்கிட்ட சொல்லி ஜாயின்ட் வர்ற எடத்துல தூண் வரைய சொல்லுங்க, தூணோட ஓரம் கோட்டு மேல விழுந்துட்டா கோடு யாருக்கும் தெரியாது, இது காசில்லாத வேல.

மூவார்_மரவேலை:
கீலும் நல்லதுதான் அண்ணே, ஆனா கீல் இடைவெளிய இறுக்காது, போல்ட் இறுக்கி இழுத்து ஒட்ட வைக்கும். தோட்டத்து மைதானம் சமமாவா இருக்கும்? கீல் வச்சா ஒரு பேனல் கொஞ்சம் எறங்கினாலும் பின் உள்ள போவ மாட்டேன்னு அடம் பிடிக்கும். சிமெண்டு மேடையா இருந்தா உங்க கீலே மேல்.

சிப்புட்_பையன்:
எங்களுது பலகை மேடை, கீழ இரும்பு கால், கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அப்ப போல்ட்டே போறேன். ஓட்டைய எப்படி சரியா நேருக்கு நேர் போடுறது, ஒரு பேனல்ல அளந்து போட்டு இன்னொண்ணுல அளந்து போட்டா மாறிடுமே? கம் எந்த கம்? மஞ்சள் கம் கோயில்ல ஒரு டின் இருக்கு.

மூவார்_மரவேலை:
அளக்கவே வேணாம். ரெண்டு பேனலயும் தரையில குப்புற போட்டு ஒட்டி வச்சு கிளாம்ப்பால இறுக்கி ரெண்டு சட்டத்தயும் சேத்து ஒரே குத்தா டிரில் போடு. மேல, நடு, கீழ, மூணு போதும். 6 எம்எம் போல்ட்டுக்கு 7 எம்எம் ஓட்ட, கொஞ்சம் தாராளமா இருந்தாதான் மழ நாள்ல மரம் ஊதினாலும் உள்ள போவும். ரெண்டு பக்கமும் அகலமான வாஷர் போடு, மெரந்தி மெத்து, வாஷர் இல்லாம இறுக்கினா தல உள்ள புதைஞ்சுடும். நட்டு பட்டாம்பூச்சி நட்டா வாங்கு, விரலால திருகிக்கலாம். அப்புறம் பின்னால 1, 2, 3, 4ன்னு மார்க்கர்ல எழுதி வை, ஏன்னா ஒவ்வொரு ஜோடி ஓட்டையும் அந்த ஜோடிக்குத்தான் பொருந்தும், மாத்தி வச்சா பொருந்தாது.

மஞ்சள் கம், அதாவது காண்டாக்ட் கம், ஃபார்மைக்கா ஒட்ட சரி, ஒட்டின பிறகு நகத்த முடியாது, பாரம் இழுத்தா மெல்ல மெல்ல நழுவும் வேற. சட்டத்துக்கு வெள்ள கம், அதாவது பிவிஏ மரக் கம் போடு. பாட்டில்ல டி3ன்னு போட்டிருந்தா ஈரம் கொஞ்சம் தாங்கும், மழையில நனைய விடறதுக்கு இல்ல. கம் தடவி பலகைய வச்சு நாலு இன்ச்சுக்கு ஒரு ஸ்டேப்பிள், ஸ்டேப்பிள் வேல கம் காயற வரைக்கும் அழுத்தி பிடிக்கிறதுதான், அதுக்கப்புறம் கம்மே தாங்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடு, ஆட்டாத. பெயிண்ட் அடிச்ச மரத்துல வெள்ள கம் ஒட்டாது, அதனால எல்லாம் ஒட்டி முடிச்சுட்டுதான் பெயிண்ட்.

பெயிண்ட்ட பத்தி இன்னொண்ணு, நிறைய பேரு விடறது இதுதான்: முன்னால மட்டும் அடிக்காத. ஒரு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் வெறுமையா இருந்தா நம்ம ஊரு ஈரத்துக்கு பின்பக்கம் மட்டும் உறிஞ்சி, சட்டத்துக்கு சட்டம் நடுவுல பலகை அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். பின்னாலயும் ஒரு கோட், வெட்டின ஓரத்துக்கு ரெண்டு கோட். உங்க பழைய பலகை ஓரம் உப்பினதுக்கு அதுதான் காரணமா இருக்கும், தண்ணி ஓரத்து வழியாதான் உள்ள போவுது.

பீடோர்_அக்கா:
16 அடிக்கு 8 அடி காத்துக்கு பாய்மரம் தம்பி, அத யாரும் பேசல. லேசா செஞ்சுட்டோம்னு முட்டு கொடுக்காம விட்டா சாயங்கால மழைக்கு முன்னால அடிக்கிற காத்துல சாமி முன்னாலயே கவுந்துரும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் பின்னால ஒரு முக்கோண கால், கால் மேல மணல் மூட்டை. எங்க கோயில்ல அரிசி கோணிப் பையில மணல் ரொப்பி வச்சிருக்கோம். கால மேடை பலகையோட ஸ்குரூ போட்டுட்டா இன்னும் நல்லது. அப்புறம் குத்து விளக்க பேக்டிராப் கிட்ட வைக்காதீங்க, 3 எம்எம் பிளைவுட் சட்டுன்னு பிடிச்சுக்கும், உபயக்காரங்க சொன்னாலும் கேக்காதீங்க.

பழைய_நாடகக்காரன்:
அக்கா சொன்னதுதான் சரி. கால்ல கூட பின் கீல் வச்சா மடக்கி லோரில படுக்க போடலாம், அதுக்காவது என் பேச்ச கேளுங்க, ஹாஹா.

சிப்புட்_பையன்:
காலுக்கு கீல், பேனலுக்கு போல்ட், ரெண்டு பேருக்கும் ஞாயம். போல்ட் நீளம் எவ்ளோ வாங்க, கடை மொதலாளி தவுக்கே கேப்பாரு.

மூவார்_மரவேலை:
இழைச்ச சட்டம் ஒண்ணு 20 எம்எம் சொச்சம்தான் வரும், ரெண்டு சேந்தா 40க்கு மேல, வாஷர், நட்டுக்கு எடம் விட்டு ரெண்டரை இன்ச் வாங்கு. மூணு ஜாயின்ட், ஒம்போது போல்ட், ஆனா ஒரு டஜன் எடுத்துக்கோ, மைதானத்து புல்லுல விழுந்தா கிடைக்காது.